டீச்சர் வேலையில் இருந்துகொண்டு சினிமாச் செய்தி சொல்லப் போகலாமா? (மேரி ஹார்ட் பற்றியும்)

பனிமூட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பத்தனையில் கல்வியியற் கல்லூரி முடித்துக் கிடைத்த நியமனம், இது நாலாவது வருடம். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். லயத்தில், அதாவது எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டீச்சர்தான். அதில் அம்மாவுக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு தமிழ்ச் சேனலில் சினிமாச் செய்தி நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேடுகிறார்கள். சும்மா ஃபோனில் பதிந்து ஒரு மாதிரி அனுப்பினேன். நேரில் வரச் சொல்லிவிட்டார்கள், வருகிற சனிக்கிழமை. வீட்டில் இன்னும் மூச்சு விடவில்லை.

இந்த வேலையில் நீண்ட காலம் நின்றவர்கள் யார் என்று தேடியபோது அமெரிக்காவின் மேரி ஹார்ட் கண்ணில் பட்டார். என்டர்டெயின்மென்ட் டுநைட் என்ற தினசரி சினிமாச் செய்தி நிகழ்ச்சியில் 1982 முதல் 2011 மே வரை உட்கார்ந்திருந்தவர். பிறந்தது 1950இல், தெற்கு டகோட்டா மாநிலத்தில் மேடிசன் என்ற சின்ன ஊர். 1970இல் அந்த மாநிலத்தின் அழகுராணி, மிஸ் அமெரிக்கா போட்டியில் முதல் பத்துக்குள்ளும் வந்திருக்கிறார். சரி, அதெல்லாம் எனக்குத் தூரம். அதற்கு அடுத்த வரியில்தான் நின்றுவிட்டேன். கல்லூரி முடித்ததும் சூ ஃபால்ஸ் நகரில் மூன்று வருடம் ஆங்கில டீச்சர்.

அவர் விட்டுவிட்டுப் போனார். நான் போகலாமா?

எட்டாம் நம்பர் லயம்:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். கையில் அரசாங்க நியமனம், கடைசியில் பென்ஷன். அதை வாங்க எத்தனை பேர் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள் தெரியுமா? டிவியில் முகம் எத்தனை நாளைக்கு? அமெரிக்காவில் ஒரு வேலை போனால் இன்னொன்று. நம் வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் அடுத்த நாள் பெரட்டுக்குப் போய், தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஸ்டோர் சங்கு:
அண்ணே, அந்த அம்மாவுக்கும் வேலை போயிருக்கிறது. 1981 கடைசியில் ரெஜிஸ் ஃபில்பினோடு சேர்ந்து நாடு முழுக்கப் போகிற ஒரு பகல் நிகழ்ச்சி செய்தார். சில மாதத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைப் பற்றிப் பேட்டி எடுக்க வந்ததே என்டர்டெயின்மென்ட் டுநைட் ஆட்கள்தான். மறுநாளே அவர்கள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் நிருபர், 13 வாரத்தில் தொகுப்பாளர். தன் வேலை போன கதையைச் சொல்லியே வேலை வாங்கியிருக்கிறார், பாருங்கள்.

எட்டாம் நம்பர் லயம்:
அது அதிர்ஷ்டம் தம்பி.

ஸ்டோர் சங்கு:
அதிர்ஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஊர்க் கேபிளில் ஒரு நேர்காணல் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். அப்புறம் அயோவா, அப்புறம் ஒக்லஹோமா, 1979இல்தான் லாஸ் ஏஞ்சலஸ். ஒரே பாய்ச்சலில் போகவில்லை. நம் டீச்சர் டிக்கோயாவிலிருந்து நேரே கொழும்புக்குப் பாய்கிறாரே, அதுதான் எனக்குக் கொஞ்சம் யோசனை.

பழைய ரேடியோ:
மகள், இப்போதுதான் பார்த்தேன். எனக்கு அறுபத்தேழு வயது. எங்கள் காலத்தில் தொகுப்பாளர் என்ற சொல் இல்லை, அறிவிப்பாளர்தான்.

மஸ்கெலியாப் பக்கம் எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒரே ஒரு ரேடியோ. பெரியப்பாவுடையது. பெட்டரி இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். நம் ஊர் வெயிலைப் பற்றித் தெரியும்தானே, பெட்டரி காய்ந்ததை விட நாங்கள் வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வைத்தால் கடைசிக் காம்பரா வரை கேட்கும்.

சினிமாச் செய்தி என்று தனியாக ஒரு நிகழ்ச்சி எங்களுக்குத் தேவைப்படவில்லை. பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலையும் சொல்வார்கள். ஹட்டன் கொட்டகையில் ஓடும் படத்துக்கு இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா விளம்பரம் சொன்னால், படம் எப்படியிருந்தாலும் பஸ் ஏறிவிடுவோம். அப்படி ஒரு வேகம், ஆனால் ஓர் எழுத்துக் கீழே விழாது. ஏமாந்து திரும்பிய நாட்களும் உண்டு. படத்தைத் திட்டுவோம், அவரைத் திட்ட மாட்டோம். அவர் 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அதைப் பற்றி எழுத இன்றைக்கு மனம் இல்லை.

ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் வந்தால் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கேட்பார். பி.எச். அப்துல் ஹமீத் சொல்லும் ழகரத்தைக் கேட்டுத்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நாக்கை மடிக்கப் பழகினோம். பாட்டுக்குப் பாட்டு என்ற போட்டி நிகழ்ச்சியை அவர் பின்னால் சென்னைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார்.

இவர்களைத் தமிழ்நாடும் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30இல் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது, அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கிவைத்தார். 1957இல் அதே வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி வரும்வரை அங்கே பாட்டுக்குப் பஞ்சம். எல்லோரும் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். விவித் பாரதி வந்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை என்றால் அதற்குப் பாட்டு மட்டும் காரணம் இல்லை. பாட்டு இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

போகலாமா என்று கேட்டாய். போய்ப் பேசிவிட்டு வா. பஸ் காசு மட்டும்தானே செலவு.

பதுளை மெயில்:
பெரியவர் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தப் பெட்டரி விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்தது.

நான் கொழும்பில் எடிட்டிங் அறையில் வேலை செய்தவன். ஒன்பது வருடம். இப்போது பண்டாரவளையில் சொந்தமாகக் கல்யாண வீடியோ. அதனால் உள்ளே எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க நிகழ்ச்சி. 1981 செப்டம்பரில் அது தொடங்கும் முன்னால், இப்படிப் பல நிலையங்களுக்கு விற்கும் நிகழ்ச்சிகளை டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புவார்கள். ஒரு நிலையம் போட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். ஊர் ஊராகப் போய்ச் சேரும்போது செய்தி ஊசிப்போயிருக்கும். இவர்கள் செயற்கைக்கோளில் அன்றன்றைக்கே எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள். நேற்று இரவு நடந்த பட விழா இன்று மாலை உங்கள் வீட்டில். சினிமாக்காரர்களைப் பற்றித் தினமும் செய்தி என்ற சாமானே அதற்குப் பிறகுதான் சரியாக ஓடத் தொடங்கியது. மேரி ஹார்ட் நல்ல நேரத்தில் நல்ல இடத்தில் இருந்தார், எட்டாம் நம்பர் அண்ணன் சொன்ன அதிர்ஷ்டம் அந்த அளவுக்கு உண்மை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஆண்களை எண்ணிப் பாருங்கள். ரான் ஹென்ட்ரன், ராப் வெல்லர், ஜான் டெஷ், பாப் கோயன், மார்க் ஸ்டைன்ஸ். ஐந்து பேர். அவர் மாறவில்லை. டிவியில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர். ஆண் நரைத்தாலும் இருப்பார், பக்கத்தில் இருக்கும் பெண்ணைத்தான் மாற்றுவார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரே ஆணுக்குப் பக்கத்தில் நாலு வருடத்தில் மூன்று பெண்களைப் பார்த்தேன்.

அவருடைய கால்களை ஒவ்வொன்றும் பத்து லட்சம் டொலருக்கு லண்டன் லாய்ட்ஸில் இன்சூரன்ஸ் செய்த கதையும் உண்டு. விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். அடுத்தவர் செய்தியைச் சொல்கிறவர் தானே செய்தியாகிறார். இன்னொன்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். 1991இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற பெரிய மருத்துவ சஞ்சிகையில் வெங்கட் ரமணி என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மேரி ஹார்ட்டின் குரலைக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருமாம்.

இனி டீச்சருக்கு. வெளியே சிரிப்பும் மேக்கப்பும்தான் தெரியும். உள்ளே மூன்று வேலை. பெயர்களைச் சரியாகச் சொல்வது, அதுவும் மலையாள, தெலுங்குப் பெயர்களை. டெலிப்ரொம்ப்டரில் எழுத்து ஓடும்போது கண் ஓடாமல் வாசிப்பது. காதுக்குள் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது வாய் நிற்காமல் இருப்பது. மூன்றாவது கஷ்டம். ஆனால் நாற்பது பிள்ளைகள் பின்னால் சத்தம் போடும்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டே பாடம் சொல்கிறவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது.

செய்தி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் காலையில் ஒருவர் சென்னை நடிகர்களின் இன்ஸ்டகிராமைப் பார்த்து எழுதிக் கொடுப்பார், அதுதான் செய்தி. ஒரு தடவை ஒரு நடிகர் தம்பதி பிரிந்துவிட்டார்கள் என்று நான் எடிட் செய்து அனுப்பியது, மறுநாள் பொய் என்று தெரிந்தது. திருத்தம் போடலாமா என்று கேட்டேன். சினிமாச் செய்திக்கு யாராவது திருத்தம் போடுவார்களா என்று சிரித்தார்கள்.

கொத்மலைக்காரி:
எல்லோரும் அமெரிக்காவையும் அந்தக் காலத்தையும் பேசுகிறீர்கள். நான் போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், கொழும்பில் ஒரு வானொலி, பெயர் வேண்டாம். வாசிப்பு நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். அப்புறம் எழுதிக் கொடுக்காமல் சும்மா பேசச் சொன்னார்கள். சினிமா பற்றித்தான் பேசினேன். முடிந்ததும் ஒருவர், "கொஞ்சம் தோட்டத்து வாடை அடிக்குது" என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது.

அதே நிலையத்தில் சென்னைத் தமிழ் பேசுகிற ஒருவர் இருந்தார், அது ஸ்டைல். யாழ்ப்பாணத் தமிழுக்கு மரியாதை. நாங்கள் பேசினால் வாடை. இருநூறு வருடம் இந்த மலையில் பேசிய தமிழ் இது. பிதுருதலாகலையில், 2524 மீட்டர் உயரத்தில், அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. எங்கள் மலை கோபுரத்துக்கு ஆகும், எங்கள் பேச்சு ஆகாதா?

டீச்சர், போங்கள். ஆனால் சும்மா பேசச் சொல்வார்கள், அதற்குத் தயாராகப் போங்கள்.

எட்டாம் நம்பர் லயம்:
இதைத்தான் நானும் பயந்தேன். அவமானப்படவா கொழும்புக்கு அனுப்புவது?

கொத்மலைக்காரி:
அனுப்ப நீங்கள் யார் அண்ணே? அவர் போகிறார்.

மட்டுறுத்துநர்:
இருவரும் கொஞ்சம் பொறுமை. இழை நன்றாகப் போகிறது.

ஸ்டோர் சங்கு:
அக்கா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் ஈ நியூஸ் என்ற நிகழ்ச்சியில் இருந்த ஜூலியானா ரான்சிக் இத்தாலியில் நேப்பிள்ஸில் பிறந்தவர். சிறுமியாக அமெரிக்கா வந்தபோது ஆங்கிலம் தெரியாது. டிவியில் செய்தி வாசிப்பவர்களைப் பார்த்துத்தான் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். வேறு மொழி வீட்டிலிருந்து வந்து அந்த நாட்டின் பெரிய சினிமாச் செய்தி முகங்களில் ஒருவரானார். 2011இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஒளிக்காமல் தானே டிவியில் சொன்னார்.

ஆனால் அவர் வழுக்கியதும் வாயால்தான். 2015 ஆஸ்கர் விழாவுக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சியில், நடிகை ஸென்டேயாவின் சடை முடியைப் பற்றி, கஞ்சா வாசம் வரும்போல என்ற மாதிரி ஒரு பகிடி விட்டார். கறுப்பின மக்களின் முடியைக் கேவலப்படுத்துவதாக ஸென்டேயா பதில் எழுதினார். ரான்சிக் கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

கொத்மலைக்காரி:
பாருங்கள், அங்கேயும் வாடைதான். ஒரு வித்தியாசம், அங்கே மன்னிப்புக் கேட்டார்கள்.

பழைய ரேடியோ:
மகள் கொத்மலை, நீ எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் மேலே ழகரத்தைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் உன்னை அடிக்கக் கூடாது. ழகரத்தைச் சரியாகச் சொல்வது வேறு, பேச்சில் ஊரை அழிப்பது வேறு. முதலாவதைப் பயிற்சியில் எடுக்கலாம். இரண்டாவதை யாராவது கேட்டால் கொடுக்காதே.

பனிமூட்டம்:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கொத்மலை அக்கா, உங்கள் பதிவை வாசித்து இரவு தூக்கம் வரவில்லை. போகாமல் விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் நேற்று வகுப்பில் ஒன்று நடந்தது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சினிமாச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன், எனக்கே பயிற்சியாக இருக்கட்டும் என்று. ஒரு பையன், லொஸ்லியா பற்றி எழுதினான். இங்கே டிவியில் செய்தி வாசித்தவர், 2019இல் தமிழ் பிக் பாஸுக்குப் போய்ப் பிறகு படங்களில் நடித்தவர். முடித்துவிட்டு, "டீச்சர், நம்ம ஆளு யாராச்சும் அப்படிப் போயிருக்காங்களா?" என்று கேட்டான். அவர் நம் ஆள் இல்லையா என்றேன். "அவங்க கிழக்குப் பக்கம், நான் மலைநாட்ட கேட்டேன்" என்றான். புசல்லாவைப் பிள்ளை ஒன்று 2023இல் சென்னைப் பாட்டுப் போட்டிக்குப் போனதைச் சொன்னேன். "அது பாட்டு, நான் பேசுறத கேட்டேன்" என்கிறான். விடுகிற பிள்ளை இல்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பாடசாலையை விடப் போகிறாயா என்று மட்டும் கேட்டார். இல்லை, சனி ஞாயிறு மட்டும்தான் என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, ஆனால் ரொட்டிக்கு இரண்டு சம்பல் வந்தது.

பதுளை மெயில்:
சனி ஞாயிறாக இருந்தாலும் கல்வித் திணைக்களத்தில் எழுத்தில் அனுமதி கேட்டு வையுங்கள். பிறகு யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள். நம் ஊரை நமக்குத் தெரியாதா.

எட்டாம் நம்பர் லயம்:
வேலையை விடவில்லை என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. போய்வாங்க தங்கச்சி. வெள்ளி இரவு பஸ்ஸில் போக வேண்டாம், கினிகத்தேனையில் வளைவுக்கு வளைவு வாந்தி வரும், முகம் வாடிவிடும். விடியக்காலை பஸ் நல்லது.

பனிமூட்டம் (ஞாயிறு):
போய்வந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரமில்லை, வினாத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள், மூன்று செய்தி. வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் கேட்டேன். எங்கே நிறுத்துவது என்று பேனாவால் கோடு போட்டேன், பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சிக்குப் போட்டுக் கொடுப்பது போல. ஒரு தெலுங்கு நடிகரின் பெயர் தெரியவில்லை, எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அங்கே இருந்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் யூடியூபில் அந்த நடிகரே தன் பெயரைச் சொல்வதைத் தேடி எடுத்தார். மூன்று பேரும் பிழை.

காதுக்குள் குரல் வருவது கஷ்டம்தான், மெயில் அண்ணன் சொன்னது சரி. முதல் தடவை பாதியில் நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை போனது.

அப்புறம் சும்மா பேசச் சொன்னார்கள். அக்காவை நினைத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு மறுநாள் யார் ரதியாக நன்றாக ஆடினார்கள் என்று லயத்துக்கு லயம் நடக்கும் சண்டையைச் சொன்னேன். எங்கள் ஊரில் அதுதான் நட்சத்திரச் செய்தி, பேட்டி, வதந்தி எல்லாம். எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தயாரிப்பாளர் அம்மா, எங்கே தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். தன் தாத்தா தலவாக்கலைப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்தாராம், இதுவரை யாருக்கும் சொன்னதில்லையாம்.

நாலு சனிக்கிழமை பதிவு, பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். காசு பெரிதாக இல்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். பிரிவு, கர்ப்பம் பற்றிய செய்தி வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன் என்று சொல்லிவைத்தேன். சரி என்றார், சிரிக்கவில்லை.

கொத்மலைக்காரி:
காமன் கூத்தையா சொன்னீர்கள்! அந்தப் பதிவை எப்படியாவது வாங்கி இங்கே போடுங்கள்.

பழைய ரேடியோ:
நடிகரின் வாயாலேயே பெயரைக் கேட்டுத் திருத்தினீர்கள் பார், அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயது அப்படி.

எட்டாம் நம்பர் லயம்:
எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்க தங்கச்சி. எங்கள் பக்கம் ஆறரைக்குப் பிறகு எல்லோரும் ஹீட்டர் போடுவார்கள், கரண்ட் இறங்கி டிவி மினுங்கும். முன்கூட்டிச் சொன்னால் பக்கத்துக் காம்பராக்களில் சொல்லி வைக்கலாம்.